செங்கம் சாலையிலிருந்து ஒரு நாள்

மார்கழி பிறந்துவிட்டால் ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையின் ஓரத்து மரநிழல்களில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கத் தொடங்கும். பெரும்பாலும் புல்லட்டுகள். பின்னிருக்கையில் தார்ப்பாயில் சுற்றிக் கயிற்றால் இறுக்கிய மூட்டை, இருபுறமும் இரும்புச் சட்டத்தில் தொங்கும் பைகள், எண்பலகையில் டில்லி அல்லது கோவா. ஓட்டி வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சமாதி மண்டபத்தில் கண்மூடி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருவில் அந்த வண்டிகளுக்கு 'வெள்ளைக்காரர் வண்டி' என்றே பெயர். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அதில் எந்த உறுத்தலும் இல்லை. அந்த வண்டி செய்யப்பட்ட இடம் திருவொற்றியூர் என்பதும், அது வந்து நிற்கும் சாலையைப் பற்றி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பயணக் கவிதை பாடப்பட்டுவிட்டது என்பதும் அந்தப் பெயரில் மறைந்துபோகின்றன. இந்தக் கட்டுரை அந்த மறதியைப் பற்றியது. கூடவே, நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புல்லட்டில் சுற்றி வந்த கதையும்.

ஆசிரமம் இப்போதுள்ள இடத்தில் உருவானது 1922-இல், ரமணரின் அன்னை மறைந்த பிறகு. வாசலுக்கு வந்து சேர்ந்த வாகனங்களின் வரலாற்றை மட்டும் தனியே எழுதலாம். பால் பிரன்டன் 1930-களின் தொடக்கத்தில் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். அவருடைய புத்தகம் 1934-இல் வெளியான பின் ஐரோப்பியர் வரத்து கூடியது. சாமர்செட் மாம் 1938-இல் காரில் வந்தார். மோட்டார் சைக்கிள் பிந்தி வந்தது. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியா வந்த இளைஞர் கூட்டத்தின் பாதை, 1979-இல் ஈரான் புரட்சியோடும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததோடும் அடைபட்டுப் போயிற்று. அதன் பிறகு வண்டியை அங்கிருந்து ஓட்டி வருவதைவிட விமானத்தில் வந்து இறங்கி, டில்லி கரோல்பாக்கில் பழைய புல்லட் ஒன்றை வாங்கித் தெற்கே ஓட்டுவது எளிதாயிற்று. திரும்பும்போது விற்றுவிட்டுப் போகலாம். சுங்கப் பத்திரத் தொல்லை இல்லை. எந்த ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும். காட்டுக்கு நடுவே நின்றாலும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒருவர் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருப்பார்.

அந்த ஒருவர் எப்படி உண்டானார் என்பதுதான் புல்லட்டின் வரலாறு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்ததால் பெற்ற பெயர் அது. 'புல்லட்' என்ற வண்டிப் பெயரும் அந்த வாசனையில் 1930-களில் வைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் 350 சி.சி. புல்லட்டுகள் தருவிக்கப்பட்டன. 1955-இல் இரு தரப்பும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டு திருவொற்றியூர் ஆலை திறந்தது. முதலில் பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; பிறகு வார்ப்பு, கடைசல், பற்சக்கரம் எல்லாம் இங்கேயே என்றாயிற்று. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தின் கதையே முடிந்தது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-இல் புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. தாய் இறந்தபின் வளர்ப்பு மகள் பிறந்தவீட்டுக்குச் சீர் கொண்டுபோனது போல.

நான் சொல்ல வருவது, அந்த இயந்திரம் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஏறக்குறைய மாறாமல் இருந்தது என்பதை. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், ஒற்றை உருளை. நீண்ட ஓட்டம் என்பதால் குறைந்த சுழற்சியிலேயே இழுவை. வேகம் கேட்டால் முனகும். கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. கிக்கரை மிதிக்கும் முன் அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். பெட்ரோல் தொட்டியின் பொன்னிறக் கோடுகள் கையால் தீட்டப்பட்டவை. மாறாத இயந்திரம் என்பது வணிகத்துக்குக் கேடு. 2000-ஆம் ஆண்டளவில் நிறுவனத்தை மூடிவிடலாமா என்கிற நிலை வந்தது. 1990-களிலேயே அதைக் கையகப்படுத்தியிருந்த ஐஷர் குழுமம் அப்போது ஓர் இளைஞரிடம் பொறுப்பை விட்டுத்தான் தப்பித்தது. ஆனால் மாறாத இயந்திரம் ஓர் அறிவு மரபை உண்டாக்கும். தந்தை பிரித்த எஞ்சினை மகனும் பிரிக்க முடிந்தது. பட்டாளத்தில் கற்றவர் ஊருக்கு வந்து மரத்தடியில் கடை போட முடிந்தது. 2010-ஐ ஒட்டிப் புகை விதிகளின் நெருக்கடியில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நின்று, கியர் இடது காலுக்குப் போய், ஒரகடத்தில் 2013-இல் புதிய ஆலை வந்தபோது இந்த மரபு மெல்லக் கரையத் தொடங்கியது. என்னுடைய வண்டி அதற்கு முற்பட்ட சாதி.

மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் என்றதும் நம் இலக்கிய வாசகர்களுக்கு நினைவு வருவது ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்'. 1968 கோடையில் மினியாபொலிஸிலிருந்து, 305 சி.சி. ஹோண்டா ஒன்றில் மகனைப் பின்னே உட்கார வைத்துக்கொண்டு, டகோட்டா சமவெளிகளைக் கடந்து மேற்கே போன பயணத்திலிருந்து பிறந்து 1974-இல் வெளிவந்த நூல். 121 பதிப்பாளர்கள் மறுத்தது என்ற செய்தியை எழுதும் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன். நமக்கு நெருக்கமான செய்தி வேறு. 1950-ஐ ஒட்டி பிர்சிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம் படித்தார். உலகம் மாயை என்று விளக்கிக்கொண்டிருந்த பேராசிரியரிடம், ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்த குண்டுகளும் மாயைதானா என்று கேட்டதாகவும், ஆமாம் என்று புன்னகையோடு பதில் வந்ததும் வகுப்பைவிட்டு வெளியேறியதாகவும் அந்நூலில் எழுதுகிறார். ரமணர் மறைந்ததும் 1950-இல்தான். பிர்சிக் காசிக்குப் பதில் இங்கே வந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று ஆசிரமத்தைக் கடக்கும்போதெல்லாம் யோசிப்பதுண்டு.

அமெரிக்கச் சமவெளியின் சாலை நேரானது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1785-ஆம் ஆண்டின் நிலச்சட்டப்படி மேற்கு நிலப்பரப்பைச் சர்வேயர்கள் ஒரு மைல் சதுரங்களாகக் கோடு கிழித்தார்கள். அந்தக் கோடுகளின் மீது பிறகு சாலைகள் போடப்பட்டன. அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகளின் தடங்களை அந்தக் கோடுகள் பொருட்படுத்தவில்லை. ஆகவேதான் அங்கே ஒருவன் மணிக்கணக்கில் கைப்பிடியைத் திருப்பாமல் ஓட்டிக்கொண்டு தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்க முடிகிறது. 24 மணி நேரத்தில் 1000 மைல் ஓட்டியவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் சங்கம்கூட அங்கே இருக்கிறது. அவர்களின் புகழ்பெற்ற 66-ஆம் எண் சாலை 1926-இல் தோன்றி, சிகாகோவிலிருந்து பசிபிக் கடற்கரை வரை நீண்டு, 1985-இல் அதிகாரபூர்வமாக இல்லாமல் போயிற்று. நம் செங்கம் சாலைக்கும் ஒரு காலத்தில் அதே எண்தான். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வழியாகக் கிருஷ்ணகிரி வரை போகும் நெடுஞ்சாலை, 2010-இல் நாடு முழுவதும் எண்கள் மாற்றப்படும் வரை 66 என்றே அழைக்கப்பட்டது. இப்போது 77. பழைய எண் மேற்குக் கரைச் சாலைக்குப் போய்விட்டது. இதில் எந்தத் தத்துவமும் இல்லை. ஆனால் அந்த எண்ணுள்ள பழைய மைல்கல்லைப் பார்த்து ஓர் அமெரிக்கர் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நம் நடுநாட்டுச் சாலைகள் நேரானவை அல்ல. ஏரிக்கரை எங்கே வளைகிறதோ அங்கே சாலையும் வளையும். ஊர் எங்கே இருக்கிறதோ அதன் நடுவே புகுந்து போகும். ஆகவே இங்கே பயணி தனியாக இருக்க முடியாது. வழி கேட்டாக வேண்டும். இதை நம் முன்னோர் ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கினார்கள். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், வறுமையோடு எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. செங்கத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம் 583 அடிகளில் செய்வது இதைத்தான். எங்கே கல் வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே கவண்கல் பறந்து வரும், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்றெல்லாம் அதில் உண்டு. வழியில் நடுகற்கள் இருப்பதையும் அது சொல்கிறது. செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் கொத்துக்கொத்தாகக் கிடைத்து, தொல்லியல் துறை 1972-இல் அவற்றை நூலாகவே வெளியிட்டது. மோட்டார் சைக்கிளில் தனியே போகிறவன் நிலத்தோடு பேசுகிறான் என்று மேற்கத்திய நூல்கள் சொல்லும்போது, இங்கே நிலத்தைப் பற்றி மனிதரோடு மனிதர் பேசுவதுதான் பயணம் என்று எனக்குத் தோன்றும். அதைச் சோதித்துப் பார்க்கவே போன தை மாதத்தில் ஒரு ஞாயிறு கிளம்பினேன். 1896-இல் மதுரைச் சிறுவன் வேங்கடராமன் அண்ணாமலைக்கு வந்த பாதையின் கடைசிப் பகுதியைத் தலைகீழாக ஓட்டிச் சென்று, திண்டிவனம், செஞ்சி வழியாகத் திரும்பி வருவது திட்டம். மொத்தம் 180 கிலோமீட்டர் அளவுதான். அமெரிக்கச் சமவெளியில் அது காலை உணவுக்கு முந்தைய தூரம்.

விடியுமுன் பனி. திருக்கோவிலூர்ச் சாலையில் அறுவடை முடிந்த வயல்கள் இருபுறமும் வெளுத்துக் கிடந்தன. சாலையில் பாதியை நெல் உலர்த்தப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் கற்களை அடுக்கி எல்லை காட்டியிருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் மீதிப் பாதியை எடுத்துக்கொண்டன. மணிக்கு 50-ஐத் தாண்டத் தேவையே இல்லை, புல்லட்டும் அந்த வேகத்தில்தான் சொன்னபடி கேட்கும்.

அறையணிநல்லூரில் பாறை மேலிருக்கும் கோயிலுக்கு ஏறி நின்றேன். சம்பந்தர் இங்கிருந்து அண்ணாமலையைக் கண்டு பாடியதாக மரபு. பனியில் எனக்கு மலை தெரியவில்லை. 1896 ஆகஸ்ட் 30 அந்திப் பொழுதில் இந்தக் கோயிலுக்கு வந்து சேர்ந்த வேங்கடராமனுக்குப் பதினாறு வயது. முதல் நாள் சனிக்கிழமை மதுரையில் ரயில் ஏறியிருந்தான். அண்ணனின் கல்லூரிச் சம்பளமான ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டு வந்தவன். கையிலிருந்த தேசப்படம் பழையது. விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குத் திருவண்ணாமலை வழியாகப் போடப்பட்ட ரயில் பாதை அதில் இல்லை. அருகிலுள்ள நிலையம் திண்டிவனம் என்று அவனாகக் கணக்கிட்டு, 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கிவிட்டான். ரயிலில் உடன்வந்த ஒரு மௌல்விதான், திண்டிவனம் போக வேண்டாம், விழுப்புரத்தில் மாறு என்று சொன்னார்.

ரமண சரித்திரங்களில் இது ஓரிரு வரியில் கடந்துபோகிற இடம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வரைபடம் பொய்த்த இடத்தில் ஒரு மனிதர் வழி சொல்கிறார். அவர் யார், எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று தெரியாது. அருணாசலத்துக்குப் போகும் பிராமணச் சிறுவனுக்கு முதல் ஆற்றுப்படை பாடியவர் ஒரு முஸ்லிம் பெரியவர். இதைப் பெரிதுபடுத்தி எழுதுவோர் உண்டு, அவரையே ஒரு தெய்வ வடிவமாக்கிவிடுவோரும் உண்டு. இரண்டுமே தேவையில்லை என்பது என் எண்ணம். ரயிலில் அப்படி ஒருவர் சொல்வது அன்றைக்கும் இயல்பு, இன்றைக்கும் இயல்பு. தெய்வமாக்கினால் அந்த இயல்பு காணாமல் போய்விடும்.

விழுப்புரத்தில் கையில் மிஞ்சிய காசில் மாம்பழப்பட்டு வரைக்கும்தான் சீட்டு வாங்க முடிந்தது. அங்கிருந்து சுமார் பத்து மைல் நடந்து அறையணிநல்லூர். கோயிலில் பேரொளி ஒன்றைக் கண்டு அமர்ந்தவனைப் பூசை முடிந்ததும் வெளியே அனுப்பினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் சோறு கேட்டபோது இல்லை என்றார்கள்; கோயில் மேளக்காரர் தம் பங்கைக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் உணவும், காதிலிருந்த கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாயும் கிடைத்தன. அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலை அண்ணாமலை. பரிசில் பெற்றுத் திரும்பி வருவதாகவே இல்லாதவனின் பயணம் என்பதால் ஆற்றுப்படை இலக்கணம் இங்கே முறிகிறது. வழி சொன்னவர்களும் சோறு இட்டவர்களும் மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.

திருக்கோவிலூர் குதிரையும் தேரும் பற்றிய ஊர். மலையமான் திருமுடிக்காரி தேர்களை வாரி வழங்கியதாகச் சங்கப் புலவர்கள் பாடுகிறார்கள். அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர். தென்பெண்ணை நடுவே கபிலர் குன்று. பாரி மகளை மலையமான் குடியில் மணம் செய்து கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்ததை இங்குள்ள சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தவன். அவனுடைய நண்பர், தேர் கொடுத்தே பெயரெடுத்த இன்னொருவனின் ஊரில் வந்து உயிர் விட்டிருக்கிறார். வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாம்பழப்பட்டு நெருங்கும்போது கிளட்ச் கம்பி அறுந்தது. கைப்பிடிக்கு அருகிலேயே, நிப்பிளை ஒட்டி. அதிலொன்றும் அதிசயமில்லை, நான் மாற்றாமல் ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். அரை கிலோமீட்டர் தள்ளிப்போனதும் புளியமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. பெரியவர் ஒருவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டிய கம்பி அவரிடம் இல்லை. மொபெட்டின் கம்பிக்குப் போடும் திருகு நிப்பிள் ஒன்றைத் தகர டப்பாவில் துழாவி எடுத்து, அறுந்த முனையில் மாட்டி இறுக்கினார். கம்பியின் நீளம் குறைந்ததால் கீழே இருந்த திருகை விட்டுச் சரிசெய்தார்.

"எங்க சார் பட்டாளத்திலயா இருந்தீங்க?"

"இல்லீங்க, வாத்தியார் வேலை. வண்டிதான் பழசு."

"நான் ஜபல்பூர்ல இருந்தேன். இது எங்களுக்குக் கொடுத்த வண்டி. கிளட்ச்சை அழுத்திப் பிடிக்காதீங்க. ரயில்வே கேட்ல நிக்கணும்னா நியூட்ரல்ல போட்டுருங்க. விழுப்புரம் வரைக்கும் தாங்கும். உள்ள போகாதீங்க, பைபாஸ் ஏறினதும் இடப்பக்கம் ஒரு பையன் கடை வச்சிருக்கான், எங்கிட்ட தொழில் கத்தவன்தான்."

இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். பையன் கடை அவர் சொன்ன இடத்தில் இருந்தது.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நான்குவழிச் சாலை. நாள் முழுவதிலும் அங்கேதான் நான் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பேருந்துகள் காற்றால் தள்ளிவிட்டுப் போயின. 37 கிலோமீட்டரில் எனக்கு நினைவிருப்பது பாலங்கள் மட்டும். அமெரிக்கச் சமவெளியின் தியானம் என்று சொல்லப்படுவது எனக்கு வாய்க்கவில்லை. புல்லட்டும் 70-க்கு மேல் நடுங்கத் தொடங்கிவிட்டது.

திண்டிவனத்தின் ஒரு பகுதிதான் பழைய கிடங்கில். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிங்கறியோடு சோறு, ஆமூரில் நண்டுக் கலவையோடு கைக்குத்தல் அரிசிச் சோறு என்று ஊருக்கு ஓர் உணவு வருகிறது. கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்துவதும் அதே நூல்தான். காரியும் அதில் உண்டு. வேங்கடராமன் தவறான தேசப்படத்தை நம்பி வந்து இறங்கியிருக்க வேண்டிய ஊர் இது. இறங்கியிருந்தால் செஞ்சி வழியாக நடந்திருப்பான். அந்தச் சாலையில்தான் நான் மாலையில் திரும்பினேன். நிலையத்தருகே கிடைத்தது தக்காளிச் சோறு. பாணருக்குச் சொன்ன அளவுக்கு அதைப் பாட முடியாது.

செஞ்சி மலைகள் மாலை வெயிலில் உருண்டைக் கற்களாகச் சிவந்து நின்றன. தேசிங்கு 1714-இல் ஆற்காட்டு நவாப்பின் படையோடு போரிட்டு மடிந்தவன். தெற்கே நாட்டுப்புறக் கதைப்பாடலில் அவனோடு குதிரையும் சேர்ந்தே வாழ்கிறது. 2025-இல் இந்தக் கோட்டை மராட்டிய ராணுவ அரண்களின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேசிங்கு மராட்டியன் அல்லன் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கோட்டையடியில் டீக்கடையில் இரண்டு இளைஞர்கள், புதிய புல்லட், செல்பேசியில் வரைபடம். வண்டிக்கு முன்னால் இருந்த தாங்கியில் அந்தச் செல்பேசி பேசிக்கொண்டே இருந்தது. படவேடு எவ்வளவு தூரம் என்று டீக்கடைக்காரரிடம் நான்தான் பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அவர் தூரம் சொல்லவில்லை. அவலூர்ப்பேட்டை தாண்டி ஒரு இடத்தில் சாலை பெயர்ந்து கிடக்கிறது, இருட்டில் போக வேண்டாம் என்றார். இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் போகவிருந்ததும் அந்த வழிதான்.

கீழ்ப்பென்னாத்தூர் தாண்டியதும் மலை முழுதாகத் தெரிந்தது. ஆசிரமத்துக்கு எதிரே வந்து வண்டியை நிறுத்தியபோது ஏழு மணி. மரத்தடியில் நாலைந்து புல்லட்டுகள் நின்றன. பையன் கடையில் போட்ட புதுக் கம்பி நன்றாகவே இருக்கிறது. அந்தத் திருகு நிப்பிளைக் கருவிப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறையில் மேற்கே செங்கம் வரை போகும்போது தேவைப்படலாம்.